படிவம் 6: அமெரிக்காவுக்குள் துப்பாக்கி கொண்டுவர

ஜேம்ஸ் பாண்ட் கோட்டுக்குள் மறைத்து வைத்திருக்கும் வால்தர் பிபிகே கைத்துப்பாக்கியை 1968க்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து அமெரிக்கக் கடைகளுக்கு வரவழைக்க முடியாமல் போனது. சற்றுக் குட்டையாகவும் லேசாகவும் இருந்ததுதான் அதன் குற்றம். வால்தர் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. பிபிகேயின் மேற்பகுதியைத் தன் இன்னொரு மாடலான பிபியின் உடல்மேல் ஏற்றியது. உயரம் 100 மில்லிமீட்டரிலிருந்து 104 ஆனது. எடை 50 கிராம் போலக் கூடியது. அதற்கு பிபிகே/எஸ் என்று பெயர் வைத்து அனுப்பினார்கள், கதவு திறந்தது. பின்னால் அதே குட்டை பிபிகேயை அமெரிக்காவிலேயே தயாரித்து விற்றபோது யாரும் தடுக்கவில்லை.

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவது கத்தரிக்காய் வாங்குவது மாதிரி என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. உள்ளூர்ச் சரக்கைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை. வெளிநாட்டுச் சரக்கு என்றால் கதையே வேறு. அங்கே முதல் கேள்வி ‘நீ யார்?’ என்பதைவிட ‘இது என்ன துப்பாக்கி?’ என்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால், படிவம் 6 என்று எல்லோரும் சொல்லும் அந்த விண்ணப்பத்தில் இத்தனை கட்டங்கள் எதற்கு என்பது புரியும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட், சிகாகோவிலிருந்த க்ளைன்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடைக்கு ஒரு பொய்ப் பெயரில் கூப்பன் அனுப்பினார். 19 டாலர் 95 சென்ட்டுக்கு, தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய கார்கானோ ரைபிள் ஒன்று தபாலில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலி கழித்துப்போட்ட சரக்கு அது. நவம்பரில் டாலஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டது அதைக் கொண்டுதான். ஐரோப்பா கழித்த ராணுவத் துப்பாக்கிகள் அந்த ஆண்டுகளில் கப்பல் கப்பலாக அமெரிக்காவில் இறங்கிக்கொண்டிருந்தன. தபால் வழித் துப்பாக்கி விற்பனைக்குக் கடிவாளம் போட வேண்டும் என்று செனட்டர் தாமஸ் டாட் மசோதாமேல் மசோதாவாகக் கொண்டுவந்தார். அவருடைய மாநிலம் கனெக்டிகட். கோல்ட், வின்செஸ்டர் ஆலைகள் ஓடியதும் அங்கேதான். மலிவான வெளிநாட்டுத் துப்பாக்கி வருவது நின்றால் யாருக்கு ஆதாயம் என்று அப்போதே பலர் முணுமுணுத்தார்கள்.

1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துச் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, அக்டோபர் 22ஆம் தேதி அதிபர் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இறக்குமதியைப் பற்றி அதில் ஒரே ஒரு கருத்துத்தான் ஆணிவேர்: வெளியிலிருந்து வரும் துப்பாக்கியும் தோட்டாவும் வேட்டைக்கோ குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கோ ஏற்ற வகையாக இருக்க வேண்டும். தற்காப்புக்கு என்று சொன்னால் போதாது. உள்நாட்டில் செய்யப்படும் துப்பாக்கிக்கு இப்படி ஒரு நிபந்தனையே இல்லை.

‘விளையாட்டுக்கு ஏற்றது’ என்பதை எப்படி அளப்பது? ரைபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் அதிகாரிகளின் மதிப்பீடு. கைத்துப்பாக்கிக்கு மட்டும் மதிப்பெண் அட்டை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் படிவம் 4590. பள்ளிக்கூடப் பரீட்சை போலவே இருக்கும். பிஸ்டலுக்குத் தேர்ச்சி 75, ரிவால்வருக்கு 45. பரீட்சை எழுதவே சில அடிப்படைத் தகுதிகள் வேண்டும்: பிஸ்டலில் கையால் இயக்கும் பாதுகாப்புப் பூட்டு இருக்க வேண்டும், நீளமும் உயரமும் சேர்ந்து 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, நீளம் மட்டும் 6 அங்குலமாவது இருக்க வேண்டும். ரிவால்வருக்குக் குழல் 3 அங்குலமாவது வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். .380 காலிபர் சிறு பிஸ்டல் ஒன்று. நீளம் ஆறேகால் அங்குலம். ஆறுக்கு மேலுள்ள ஒவ்வொரு கால் அங்குலத்துக்கும் ஒரு மதிப்பெண் என்பதால் நீளத்துக்கு 1. உடல் உறுதியான கலப்பு உலோகம், அதற்கு 20. காலி மேகசினோடு எடை 18 அவுன்ஸ். அவுன்ஸுக்கு ஒன்று வீதம் 18. காலிபர் சிறியது, 3 தான். சுடுமுள்ளைத் தடுக்கும் பாதுகாப்பு உறுப்பு இருந்தால் 10. டபுள் ஆக்‌ஷன் விசை இருந்தால் இன்னொரு 10. கூட்டினால் 62. தோல்வி. இப்போது பின்பக்கக் குறிகாட்டியைக் கழற்றிவிட்டு, ‘கிளிக் கிளிக்’ என்று திருகிச் சரிசெய்யும் போட்டிக் குறிகாட்டியை மாட்டுங்கள், 10 கிடைக்கும். கட்டைவிரல் தாங்கியுள்ள போட்டிக் கைப்பிடியை மாட்டுங்கள், இன்னொரு 5. மொத்தம் 77. தேர்ச்சி!

துப்பாக்கி அதேதான், குண்டும் அதேதான். இரண்டு உதிரிபாகம் மாறியதும் அது விளையாட்டுச் சாமானாகிவிட்டது. ஆஸ்திரியாவின் குளோக் நிறுவனம் தன் சிறிய மாடல்களை இப்படித்தான் திருகு குறிகாட்டியோடு அனுப்பி, ஜார்ஜியா மாநிலத்து ஸ்மைர்னா ஊரிலுள்ள தன் கிளையில் அதைக் கழற்றிச் சாதாரணக் குறிகாட்டியை மாட்டி விற்றது. ஆனால் அதன் .380 காலிபர் மாடல் 25க்கு எந்த வேஷமும் பலிக்கவில்லை. காவல்துறைக்கு வேண்டுமானால் வரலாம், பொதுமக்களுக்குக் கிடையாது. பிறகு .380 காலிபரில் மாடல் 42 என்று ஒன்றை ஸ்மைர்னாவிலேயே செய்யத் தொடங்கினார்கள். உள்ளூரில் பிறந்த பிள்ளைக்குப் பரீட்சை இல்லை.

இந்த அட்டை ஆபத்தை அளக்கிறதா என்று கேட்டால், என் பார்வையில் இல்லை. மலிவான சிறு துப்பாக்கியை எல்லையில் நிறுத்துவதற்காக வந்தது, அதன் பாகங்களை நிறுத்த மறந்துவிட்டது. ஜெர்மனியின் ரோம் நிறுவனம் பாகங்களாக அனுப்பி மயாமியில் பூட்டி விற்றது. 1981இல் அதிபர் ரேகனைச் சுட்ட .22 ரிவால்வர் அப்படி மயாமியில் பூட்டப்பட்ட ஆர்ஜி-14.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றைக் கவனிக்கும் மத்தியத் துறை ஒன்று அங்கே உண்டு. ஏடிஎஃப் என்பார்கள். அதன் இறக்குமதிப் பிரிவு மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் இருக்கிறது. படிவம் 6இன் முதல் பாகம் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். இணைய வழியிலும் அனுப்பலாம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. விண்ணப்பமே அனுமதிச் சீட்டும்கூட. நீங்கள் நிரப்பி அனுப்பிய அதே தாளில் பர்மிட் எண்ணும் அதிகாரியின் ஒப்புதலும் ஏறித் திரும்பி வரும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். பர்மிட் கிடைத்தால் இரண்டு ஆண்டு செல்லும்.

யார் விண்ணப்பிப்பது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சாதாரணக் குடிமகன் தன் பெயரில் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி வரவழைக்க முடியாது. மத்திய லைசென்ஸ் உள்ள ஒருவர் வழியாகத்தான் வரவேண்டும். இறக்குமதியையே தொழிலாகச் செய்பவருக்கு 8ஆம் வகை லைசென்ஸ். மூன்று ஆண்டுக்கு 150 டாலர். ராணுவத் தளவாடப் பட்டியலில் உள்ள பொருள்களை வரவழைக்கும் வியாபாரி இன்னொரு பதிவும் செய்துகொள்ள வேண்டும், அதற்கு ஆண்டுக்கு 250 டாலர். தெருமுனைத் துப்பாக்கிக் கடைக்காரருக்கும் ஒரு சலுகை உண்டு. வாடிக்கையாளர் ஒருவருக்காக எப்போதாவது ஒரு துப்பாக்கியை அவர் வரவழைத்துக் கொடுக்கலாம். இத்தாலியில் பார்த்த வேட்டை ஷாட்கன்மேல் ஆசைப்பட்ட ஒஹையோக்காரர் ஒருவருக்கு வழி இதுதான்: பக்கத்துக் கடைக்காரரிடம் போய் அவர் பெயரில் விண்ணப்பிக்கச் சொல்வது. தோட்டாவுக்கும் சில உதிரிபாகங்களுக்கும் மட்டும் விதி தளர்கிறது. சொந்த உபயோகத்துக்கு, விற்பனைக்கு இல்லை என்றால், லைசென்ஸ் இல்லாதவரே படிவம் 6 போடலாம். குழலும் துப்பாக்கியின் உடலும் அந்த உதிரிபாகங்களில் சேராது.

படிவத்தில் அனுப்புபவர் பெயர், முகவரி, எந்த நாடு என்பதெல்லாம் சுலபம். நடுவிலுள்ள பொருள் விவரக் கட்டம்தான் விண்ணப்பத்தின் உயிர். செய்த நிறுவனம், செய்த நாடு, வகை, மாடல், காலிபர், குழல் நீளம், மொத்த நீளம், சீரியல் நம்பர், புதியதா பழையதா, எத்தனை, ஒன்றின் விலை என்ன என்று கேட்பார்கள். ஒருவர் ‘9 மில்லிமீட்டர் பிஸ்டல், 1’ என்று எழுதிவிட்டு மீதிக் கட்டங்களைக் காலியாக விட்டால் அந்தத் தாளை மறுக்கக்கூட மாட்டார்கள், நடவடிக்கை ஏதுமின்றித் திருப்பி அனுப்புவார்கள். தோட்டா என்றால் அதே கட்டத்தில் குண்டின் வகையை எழுத வேண்டும்: ராணுவ பாணி உறை போட்ட குண்டா, காகித அட்டையில் வட்டமாக ஓட்டை போடும் தட்டை மூக்குக் குண்டா, ஷாட்கன் சில்லுகளா. கவசம் துளைக்கும் குண்டுக்கும், ஒளிக்கோடு போட்டுப் போகும் குண்டுக்கும், தீப்பிடிக்க வைக்கும் குண்டுக்கும் விளையாட்டுப் பெயரில் இடமில்லை. சோவியத் காலத்து 7என்6 என்ற மலிவான ரைபிள் தோட்டா பல ஆண்டு தாராளமாக வந்துகொண்டிருந்தது. அதைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கி ஒன்று கண்ணில் பட்டதும், 2014இல் அதைக் கவசம் துளைக்கும் தோட்டா என்று அறிவித்துக் கதவை மூடினார்கள். தோட்டாவில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. அதற்கு ஒரு பிஸ்டல் பிறந்ததுதான் வினை.

எதற்காக வரவழைக்கிறீர்கள் என்ற கட்டமும் உண்டு. விற்பனைக்கு, சொந்த உபயோகத்துக்கு, காவல்துறைக்கு, ஆய்வுக்கு என்று தெளிவாக எழுத வேண்டும். இதுவரை யாரும் வரவழைக்காத மாடல் என்றால், மாதிரிக்கு ஒன்றை மட்டும் நிபந்தனையோடு வரவழைத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வார்கள். அதில் தேறிய பிறகுதான் மற்றவை.

நாட்டைப் பொறுத்தும் கதவு மூடும். ஈரான், வடகொரியா, கியூபா போன்ற நாடுகளிலிருந்து வழியே இல்லை. சீனத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 1994இல் தடை வந்தது. ரஷ்யச் சரக்கு விஷயம் இன்னும் சுவாரசியம். 2021 செப்டம்பர் 7 முதல் ரஷ்யத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் புதிய பர்மிட் இல்லை என்றார்கள். ஆனால் ஏற்கெனவே கையில் பர்மிட் வைத்திருந்தவர்களுக்கு அது காலாவதியாகும்வரை செல்லுபடி. இரண்டு ஆண்டு கெடு என்பது வெறும் அலுவலகச் சம்பிரதாயம் இல்லை என்பது தோட்டா வியாபாரிகளுக்கு அன்று உறைத்தது.

ராணுவ பாணி ரைபிள்களின் கதை தனி. 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரப் பள்ளி ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, அதிபர் புஷ் (மூத்தவர்) ஆட்சி 43 வகை அரைத்தானியங்கி ரைபிள்களின் இறக்குமதியை நிறுத்தியது. அப்போதும் வியாபாரிகள் பாகங்களாக வரவழைத்துப் பூட்ட முயன்றார்கள். ஆகவே, அப்படித் தடை செய்யப்பட்ட வகையை உள்நாட்டில் பூட்டும்போது, பட்டியலிட்ட 20 பாகங்களில் 10க்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டார்கள். இன்றும் துப்பாக்கி ஆர்வலர்கள் விரல்விட்டுப் பாகம் எண்ணிக்கொண்டிருப்பது இதனால்தான். 2005இல் அந்த வகைகளின் குழல்களுக்கும் தடை வந்தது.

பழைய துப்பாக்கிகளுக்கு மட்டும் சட்டம் முகம் மலர்கிறது. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே இல்லை. படிவம் 6 வேண்டாம். அதன் வயதுக்கு ஆதாரம் காட்டினால் கஸ்டம்ஸில் விட்டுவிடுவார்கள். காத்மாண்டுவின் பழைய அரண்மனைக் கொட்டடியில் தூசி படிந்து கிடந்த பல்லாயிரம் மார்ட்டினி-ஹென்றி காலத்துத் துப்பாக்கிகளை அமெரிக்க வியாபாரிகள் 2000களின் தொடக்கத்தில் மொத்தமாக வாங்கிப் போனார்கள். இன்று அவை வீட்டுச் சுவர்களை அலங்கரிக்கின்றன. ஐம்பது வயது தாண்டிய துப்பாக்கி அசல் வடிவில் இருந்தால் ‘அரும்பொருள்’ என்ற கணக்கில் வரும். அதற்குப் படிவம் 6 வேண்டும், ஆனால் ராணுவம் கழித்த ரைபிளாக இருந்தாலும் வழியுண்டு. நம் மேற்கு வங்கத்து இஷாப்பூர் ஆலையில் 1960களில் செய்த 2ஏ ரைபிள்கள் அமெரிக்கக் கடைகளில் மலிவு விலைக்குக் கிடைத்ததுண்டு. அமெரிக்காவே ஒரு காலத்தில் நட்பு நாடுகளுக்குக் கொடுத்த துப்பாக்கி என்றால் மட்டும் சிக்கல். தென்கொரியா வைத்திருந்த எம்1 ரைபிள்களைத் திரும்ப விற்க முயன்றபோது வெளியுறவுத் துறை 2010இல் முட்டுக்கட்டை போட்டது.

பர்மிட் வந்தாயிற்று, சரக்கும் துறைமுகத்தில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது படிவம் 6ஏ என்ற இன்னொரு தாள் வேண்டும். அதைக் கஸ்டம்ஸ் அதிகாரி பார்த்து, பர்மிட்டில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்று சரிபார்த்து விடுவிப்பார். பர்மிட் வரும் முன்பே கப்பலேற்றிவிட்டு ‘எப்படியும் வந்துவிடும்’ என்று நம்பியிருப்பவர்கள் கிடங்கு வாடகை கட்டிக்கொண்டு நிற்பார்கள், சரக்கு பறிமுதலாகவும் வாய்ப்புண்டு. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதி தனிக் கதை. அதை விற்பவர் அங்கே வாங்க வேண்டும்.

விடுவித்த நாளிலிருந்து 15 நாள் கெடு ஒன்று தொடங்குகிறது. அதற்குள் 6ஏ படிவத்தின் மீதிப் பகுதியை நிரப்பி ஏடிஎஃப்புக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியிலும் இறக்குமதியாளர் பெயர், ஊர், மாநிலம் ஆகியவற்றையும், செய்த நாடு, நிறுவனம், மாடல், காலிபர், சீரியல் நம்பர் ஆகியவற்றில் முன்பே பொறிக்காமல் விட்டதையும் பொறித்தாக வேண்டும். சீரியல் நம்பரின் எழுத்து ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. வெட்டின் ஆழம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்காவது இருக்க வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டி அழித்துவிடாதபடி இந்தக் கணக்கு. நூறு ஆண்டு பழைய அழகான ரைபிளின் குழலில் ‘இன்ன கம்பெனி, இன்ன ஊர், வெர்மான்ட்’ என்று எழுத்து வெட்டியிருப்பதைப் பார்த்தால் சேகரிப்பாளர்களுக்கு வயிறெரியும். அந்த முத்திரை இல்லாத துப்பாக்கிக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பதும் அதனால்தான். எனக்கென்னவோ, மதிப்பெண் அட்டையைவிட இந்த வெட்டெழுத்துத்தான் உருப்படியான கட்டுப்பாடு என்று தோன்றுகிறது. ஒரு குற்றத்தில் துப்பாக்கி சிக்கினால், அது எந்த வாசல் வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க அது ஒன்றே நூல்பிடி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மத்திய பர்மிட் மாநிலச் சட்டத்தை வெல்லாது. கலிஃபோர்னியா போன்ற மாநிலத்தில் விற்கக் கூடாத மாடலை மார்ட்டின்ஸ்பர்க் அனுமதித்தாலும் அங்கே வைத்துக்கொள்ள முடியாமல் போகலாம். வரியும் உண்டு: ரைபிள், ஷாட்கன், தோட்டா என்றால் 11 சதவீதம், பிஸ்டலும் ரிவால்வரும் 10 சதவீதம். 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி இந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது.

அமெரிக்காவில் வசிப்பவர் தன் துப்பாக்கியையே வேட்டைக்காக வெளிநாட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்தால் படிவம் 6 தேவையில்லை. புறப்படும்முன் கஸ்டம்ஸ் அலுவலகத்தில் 4457 என்ற தாளில் சீரியல் நம்பரைப் பதிந்து முத்திரை வாங்கி வைத்திருந்தால் போதும். திரும்பும்போது அதைக் காட்டலாம். பலர் இதை விட்டுவிட்டுத் திரும்பும்போது ரசீது தேடுவார்கள்.

தற்காலிக விசாவில் வருபவர்களுக்கு, அதாவது நம்மவர்களில் பலருக்கு, தனிப் படிவம்: 6என்ஐஏ. எச்-1பி, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே சட்டப்படி தடை. விதிவிலக்கு, ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். போட்டிக்கு வந்த அழைப்புக் கடிதம் இருந்தாலும் கொண்டுவரலாம். டெக்சாஸில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன் துப்பாக்கிக் கடைக்குப் போகும்முன் வேட்டை லைசென்ஸ் எடுத்துக்கொள்வது மான் அடிக்கும் ஆசையால் அல்ல. அந்த அட்டை இல்லாவிட்டால் கடைக்காரர் விற்க மாட்டார். லைசென்ஸ் காலாவதியான மறுநாள் முதல் வீட்டிலிருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். புதுப்பிக்கும் தேதியை விசா தேதியோடு சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்த நிபந்தனை இல்லை.

அப்படி வாங்கிய துப்பாக்கியை ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியக் கஸ்டம்ஸ் பயணப் பெட்டியில் துப்பாக்கியை அனுமதிப்பதில்லை. 50க்கு மேல் தோட்டாவும் கூடாது. நிரந்தரமாகக் குடிபெயர்ந்து வருபவருக்கு மட்டும் ஒரு சலுகை: அனுமதிக்கப்பட்ட காலிபரில் ஒரே ஒரு துப்பாக்கி. அதை வெளிநாட்டில் ஓராண்டாவது தன் வசம் வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும், தீர்வை கட்ட வேண்டும், வாழ்நாள் முழுக்க விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது. இந்தியாவில் உள்ளூர் அதிகாரி கொடுத்த ஆயுத லைசென்ஸும் கையில் இருந்தாக வேண்டும். விமான டிக்கெட் எடுக்கும்முன் அந்த லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.